மலிவு விலைக்காகப் பிறந்த நாற்காலியும் ஒரு குடும்ப நிறுவனத்தின் வழக்கும்

2024 அக்டோபர் 24 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு நாற்காலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தது சுவிட்சர்லாந்தின் விட்ரா என்ற ஃபர்னிச்சர் நிறுவனம். எதிர்த்தரப்பு, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கடைகள் நடத்தும் குவான்டம். "பாரிஸ் நாற்காலி" என்ற பெயரில் குவான்டம் விற்ற நாற்காலி, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1950 வாக்கில் உருவாக்கிய ஒன்றின் நகல் என்பது புகார். அமெரிக்காவில் பிறந்த, அமெரிக்காவிலேயே பதிப்புரிமை கிடைக்காத ஒரு நாற்காலிக்கு, அந்தக் காரணத்தைக் காட்டி ஐரோப்பாவில் பதிப்புரிமை மறுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்தவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் வருகின்றன. ஒன்று, நாற்காலிக்கு எப்படிப் பதிப்புரிமை? அது புத்தகமா, பாட்டா? இரண்டு, புதுமைக்கும் சோதனை முயற்சிக்கும் பெயர்போன ஒரு நிறுவனம் எழுபது வருடப் பழைய நாற்காலிக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறது? இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. அது புரிந்தால்தான் முதல் கேள்வியின் கனம் தெரியும்.

விட்ரா யாருடையது?

வில்லி ஃபேல்பௌம், எரிகா ஃபேல்பௌம் என்ற கணவன் மனைவி 1950இல் தொடங்கிய நிறுவனம் இது. அதற்கு முன் வில்லி சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கடைகளுக்கான அலமாரி, மேடை போன்ற சாமான்கள் செய்யும் தொழிலில் இருந்தார். விட்ராவின் தொழிற்சாலை எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் வைல் அம் ரைன் என்ற ஊரில் எழுந்தது. தலைமையகம் பாசெலை ஒட்டிய பிர்ஸ்ஃபெல்டனில் இருக்கிறது.

1953இல் வில்லி அமெரிக்கா போனார். நியூயார்க்கில் ஈம்ஸ் நாற்காலிகளைப் பார்த்ததும் ஃபர்னிச்சர் செய்வது என்று முடிவெடுத்தார். ஈம்ஸின் நாற்காலிகளைத் தயாரித்துவந்த ஹெர்மன் மில்லர் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 1957இல் உற்பத்தியைத் தொடங்கினார். அதாவது, இன்று சோதனை வடிவமைப்பின் கோட்டை என்று சொல்லப்படும் நிறுவனம், இன்னொருவர் வடிவமைத்ததை உரிமம் பெற்றுச் செய்துதான் இந்தத் துறைக்குள் நுழைந்தது. 1984இல் ஹெர்மன் மில்லருடனான உரிம ஏற்பாடு முடிந்தபோது, ஈம்ஸ் படைப்புகளுக்கான உரிமை ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் விட்ராவிடமே வந்தது. குவான்டம் மேல் வழக்குப் போடும் தகுதி அங்கிருந்து வருகிறது.

1977இல் மகன் ரோல்ஃப் ஃபேல்பௌம் தலைமைக்கு வந்தார். அவர் படித்தது சமூகவியல். 2016இல் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த நோரா ஃபேல்பௌம் தலைமைச் செயல் அலுவலரானார்.

"சோதனை வடிவமைப்பு" என்றால் உண்மையில் என்ன?

வினோதமாக வளைந்த ஒரு பொருளைச் செய்து கண்காட்சியில் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது சுலபமான பகுதி. ஒரு வடிவத்தை, அதுவரை அந்த வடிவத்துக்குப் பழக்கப்படாத பொருளில், ஆயிரக்கணக்கில், உட்காருபவரைக் கீழே தள்ளாமல் தயாரிப்பதுதான் கடினம். இதற்கு பான்டன் நாற்காலியைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொஞ்சம் நீளமான கதை, ஆனால் மொத்த விஷயமும் இதற்குள் இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் பான்டன் மனதில் இருந்தது, பின்காலே இல்லாத நாற்காலி. எஸ் எழுத்தைப்போல நெளிந்து, முதுகு, இருக்கை, கால் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருக்க வேண்டும். உட்காருபவரின் எடை முழுவதும் முன்பக்க வளைவின் வழியாகத் தரைக்கு இறங்கும். மரத்தில் இது நடக்காது. உலோகக் குழாயில் பின்கால் இல்லாத நாற்காலிகள் 1920களிலேயே வந்துவிட்டன, ஆனால் அவை பல துண்டுகளைச் சேர்த்தவை. ஒரே வார்ப்பில் பிளாஸ்டிக்கில் செய்ய முடியுமா என்பதே கேள்வி. பல தயாரிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் பான்டன் பாசெல் பக்கம் குடிபெயர்ந்து விட்ராவுடன் வேலையைத் தொடங்கினார். அதன்பின் நடந்தது இது:

1. 1967: கண்ணாடி இழையால் வலுவூட்டிய பாலியெஸ்டரில் முதல் சிறு தொகுதி வெளியானது. நாற்காலி நின்றது. ஆனால் கைவேலை அதிகம், எடையும் அதிகம்.

2. 1968: கடினமான பாலியூரித்தேன் நுரைக்கு மாற்றினார்கள். வார்ப்பு எளிதானது. அப்புறம் ஒவ்வொரு நாற்காலியையும் தேய்த்து மெருகேற்றி வண்ணம் பூச வேண்டியிருந்தது.

3. 1971: உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தும் முறைக்கு வந்தார்கள். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்பது இதுதான். அச்சிலிருந்து எடுத்ததும் நாற்காலி தயார், நிறமும் பொருளுக்குள்ளேயே இருக்கும். விலை இறங்கியது. கனவு நனவானது என்று நினைத்தார்கள்.

4. 1979: உற்பத்தி நின்றது. அந்த பிளாஸ்டிக் காலப்போக்கில் முதுமையடைந்து உடையத் தொடங்கியிருந்தது.

5. 1990: விட்ரா மறுபடி கடின நுரைக்கே திரும்பியது. ஒரு படி பின்னே போய்க் கடையைத் திறந்தது என்று சொல்லலாம்.

6. 1999: பாலிபுரொப்பிலீனில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பதிப்பு வந்தது. பான்டன் முதலில் நினைத்தபடி மலிவான, தொழிற்சாலையில் அப்படியே பிறக்கும் நாற்காலி. அவர் 1998 செப்டம்பரில் இறந்துவிட்டார்.

முதல் தொகுதியிலிருந்து கடைசிப் பதிப்பு வரை 32 வருடம். விட்ரா தானே உருவாக்கிய முதல் தயாரிப்பே இதுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓவியத்தில் இருந்த வடிவம் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் பொருளும் வார்க்கும் முறையும்தான். சோதனை என்ற சொல்லை நான் இந்த அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறேன்.

பிற்காலத்திலும் கதை இதேபோலத்தான். ரோனான், எர்வான் புரூலெக் என்ற பிரெஞ்சு சகோதரர்கள் செடிக்கிளைகள் பின்னியதுபோல் ஒரு நாற்காலியை விட்ராவுக்காக வடிவமைத்தார்கள். அது 2008இல் வெளிவருவதற்குச் சுமார் நான்கு ஆண்டுகள் ஆயின. கிளைகளாகப் பிரியும் வடிவத்தில் உருகிய பிளாஸ்டிக் எல்லா மூலைக்கும் ஒரேபோலப் போய்ச் சேர வேண்டும், சேருமிடத்தில் பலவீனம் வரக்கூடாது. அதற்குத்தான் அத்தனை காலம்.

இந்தச் செலவை யார் தாங்குவது?

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் நாற்காலியின் கணக்கு விசித்திரமானது. ஒரு நாற்காலிக்கான பிளாஸ்டிக் சொற்பச் செலவு. எஃகைக் குடைந்து செய்யும் அச்சு பெருஞ்செலவு. அச்சு செய்த பிறகு வடிவத்தில் தவறு கண்டுபிடித்தால் திருத்துவதும் பெரும்பாடு. விற்பனை தொடங்குவதற்கு முன்பே பணம் முழுக்கப் போய்விடும். ஓடவில்லை என்றால் அது இரும்புக்குப் போட்ட காசு. வடிவமைப்பாளருக்கோ பெரும்பாலும் விற்பனையில் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் ராயல்டி. ஆகவே முன்பணத்தின் ஆபத்து பெரும்பகுதி தயாரிப்பாளர் தலையில்தான்.

குடும்ப உடைமை இங்கே எதற்கு உதவுகிறது என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு. 1979இல் நின்ற நாற்காலியை 1990இல் மறுபடி எடுக்கும் பொறுமை, முகம் தெரியாத பங்குதாரர்களிடம் எதிர்பார்க்க முடியாதது. ஆனால் "குடும்பம் என்றாலே துணிச்சல்" என்று இதைப் பொதுவிதியாக்கக் கூடாது. ஐரோப்பாவில் குடும்ப ஃபர்னிச்சர் நிறுவனங்கள் ஏராளம். பெரும்பாலானவை பாட்டன் செய்த அதே மேசையைத்தான் செய்கின்றன. இத்தாலியில் கார்ட்டெல், மாஜிஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கார்ட்டெல்லை 1949இல் தொடங்கிய ஜூலியோ காஸ்டெல்லி ஒரு வேதிப் பொறியாளர். பிளாஸ்டிக் மீது அவர்களுக்கு இருந்த தைரியம் குடும்பப் பாசத்தால் மட்டும் வந்ததில்லை.

பொறுமை இருந்தால் போதாது, பணமும் வேண்டும். அங்கேதான் பழைய நாற்காலி வருகிறது. ஈம்ஸ் நாற்காலிக்கு விளம்பரம் தேவையில்லை, அச்சுச் செலவு எப்போதோ மீண்டுவிட்டது, உடையுமா என்ற பயமில்லை. ஆண்டுக்காண்டு விற்கும் அந்த வருமானம்தான், நான்கு வருடம் ஒரு கிளை நாற்காலியோடு மல்லாடும் சுதந்திரத்தைத் தருகிறது. முந்தைய தலைமுறையின் சோதனை இந்தத் தலைமுறையின் சோதனைக்குச் சோறு போடுகிறது. நகல் விற்பவர் புதிய நாற்காலியைத் தொடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஓடுமா என்று அவருக்கும் தெரியாதே! ஏற்கெனவே ஓடி நிரூபித்ததைத்தான் எடுப்பார். அடி விழுவது சரியாகச் சம்பாதிக்கும் இடத்தில்.

லாபநோக்கே இல்லாத சோதனைகளையும் விட்ரா செய்திருக்கிறது. 1987இல் "விட்ரா எடிஷன்" என்ற வரிசையில், சந்தை, உற்பத்தி வசதி எதையும் யோசிக்காமல் செய்யுங்கள் என்று வடிவமைப்பாளர்களை விட்டார்கள். ரான் அராட் எஃகுத் தகடுகளை வளைத்து மரையாணியால் பூட்டி நாற்காலி செய்தார். ஷிரோ குராமாட்டா வெறும் உலோக வலையில் கைவைத்த நாற்காலி செய்தார். கட்டடங்களிலும் இதே போக்கு. 1981இல் தொழிற்சாலையின் பெரும்பகுதி தீயில் எரிந்தபின், புதுக் கூடங்களைக் கட்டடக் கலைஞர் நிக்கலஸ் கிரிம்ஷா கட்டினார். 1989இல் ஃபிராங்க் கெரியின் வடிவமைப்பு அருங்காட்சியகம், 1993இல் ஸாஹா ஹதீதின் தீயணைப்பு நிலையம். ஹதீதின் கட்டடங்கள் வரைபடத்தைத் தாண்டுவதில்லை என்று சொல்லப்பட்ட காலத்தில் அவருடைய முதல் பெரிய கட்டடம் இப்படித்தான் எழுந்தது. (நிலையம் தீயணைப்புக்கு வெகுநாள் பயன்படவில்லை, பின்னர் கண்காட்சிக் கூடமானது.)

நாற்காலிக்கு இரண்டு வேலி

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஒரு நாற்காலியின் வடிவத்தைப் பாதுகாக்க ஐரோப்பாவில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

வடிவமைப்புப் பதிவு: பதிவு செய்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து அதிகபட்சம் 25 வருடம் பாதுகாப்பு. தொழில் பொருள்களுக்கென்றே இருக்கும் வேலி இது. 1950இன் நாற்காலிக்கு எப்படிப் பார்த்தாலும் இந்தக் காலம் கடந்துவிட்டது.

பதிப்புரிமை: பதிவு தேவையில்லை. படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும். பொருள் பயன்பாட்டுக்குரியதாக இருந்தாலும், அதன் வடிவத்தில் படைத்தவரின் சுதந்திரமான தேர்வு தெரிந்தால் அது ஒரு "படைப்பு" என்பது ஐரோப்பிய நீதிமன்றத்தின் நிலை. கலைநயம் அதிகமா குறைவா என்று அழகுப்போட்டி நடத்தக் கூடாது என்று 2019இல் ஓர் ஆடை வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதனால்தான் எல்லா நிறுவனங்களும் இரண்டாவது வேலியை நாடுகின்றன.

இங்கே அமெரிக்கா எப்படிச் சிக்கலானது? அமெரிக்கச் சட்டப்படி பயன்பாட்டுப் பொருளின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடைப்பது அரிது. பயன்பாட்டிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கக்கூடிய கலைக்கூறு இருந்தால்தான் உண்டு. முழு நாற்காலிக்கு அந்தச் சோதனையில் தேறுவது கடினம். நாடுகளுக்கிடையே பதிப்புரிமையை ஒழுங்குபடுத்தும் பெர்ன் உடன்படிக்கை பொதுவாக, வெளிநாட்டவரின் படைப்பை உங்கள் நாட்டவரின் படைப்பைப்போலவே நடத்துங்கள் என்கிறது. பயன்பாட்டுக் கலைக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: சொந்த நாட்டில் வெறும் வடிவமைப்புப் பாதுகாப்பு மட்டுமே உள்ள பொருளுக்கு மற்ற நாடுகளும் அவ்வளவே கொடுத்தால் போதும். நீ கொடுத்தால் நானும் கொடுப்பேன் என்ற பரஸ்பர விதி. குவான்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவிலேயே இந்த நாற்காலிக்குப் பதிப்புரிமை இல்லை, எங்கள் ஊரில் மட்டும் எதற்கு என்பது அதன் வாதம். நியாயமான கேள்விதான். வழக்கு நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போய், அது ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது.

தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

சொன்னது:

1. பதிப்புரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டத்தால் ஒத்திசைத்துவிட்டது. அந்தச் சட்டம் படைத்தவர் எந்த நாட்டவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

2. அறிவுசார் சொத்துரிமை ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தில் இடம்பெற்றது. அதைக் குறைக்க வேண்டுமானால் ஒன்றியத்தின் சட்டமன்றமே எழுத்தில் சொல்ல வேண்டும்.

3. ஆகவே நெதர்லாந்தோ பெல்ஜியமோ தனியாகப் பெர்ன் உடன்படிக்கையின் பரஸ்பர விதியைக் கையில் எடுத்து, அமெரிக்கப் படைப்புக்குப் பாதுகாப்பை மறுக்க முடியாது.

சொல்லாதது: அந்தக் குறிப்பிட்ட நாற்காலி "படைப்பு" என்ற தகுதியைப் பெறுகிறது என்றோ, பாரிஸ் நாற்காலி அதன் நகல் என்றோ நீதிமன்றம் முடிவுகட்டவில்லை. அது உள்நாட்டு நீதிமன்றத்தின் வேலை. "ஈம்ஸ் நகல்கள் ஐரோப்பா முழுவதும் சட்டவிரோதம்" என்று தலைப்புப் போடுவது அவசரம். அதேபோல, தீர்ப்பு ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது: ஐரோப்பிய வடிவமைப்பாளரின் நாற்காலிக்கு அமெரிக்காவில் இதனால் எதுவும் கூடிவிடாது. பரஸ்பரம் வேண்டுமா வேண்டாமா என்பது இனி ஒன்றியச் சட்டமன்றத்தின் கையில்.

பிரிட்டன் தனி வழியில் ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்டது. தொழிற்சாலையில் பெருமளவில் செய்யும் பொருள்களுக்குப் பதிப்புரிமையை 25 வருடத்தில் முடித்துவைத்த பிரிவை 2016 ஜூலை 28 முதல் நீக்கியது. கையிருப்பில் இருந்த நகல்களை விற்றுத் தீர்க்க 2017 ஜனவரி 28 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

விலை பற்றிய முரண்

விட்ராவின் வாதத்தை மேலே பரிவோடு சொன்னேன். அதன் மறுபக்கம் இந்த நாற்காலியின் பிறப்பிலேயே இருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1948இல் ஒரு போட்டி அறிவித்தது. பெயரே "குறைந்த விலை ஃபர்னிச்சர் வடிவமைப்புக்கான பன்னாட்டுப் போட்டி". ஈம்ஸ் குழு அதற்கு உலோகத் தகட்டை அழுத்தி வளைத்த இருக்கைகளை அனுப்பியது. பரிசும் கிடைத்தது. ஆனால் உலோகம் விலை இறங்க மறுத்தது. போர்க்காலத்தில் விமான ரேடார்களுக்குக் கண்ணாடி இழைக் கூடுகள் செய்த ஸெனித் பிளாஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அதே வடிவத்தைக் கண்ணாடி இழையில் செய்தார்கள். அதிகம் பேருக்கு, நல்லதை, குறைந்த விலையில் தருவது ஈம்ஸின் நோக்கம். இன்று அசல் ஈம்ஸ் நாற்காலி பலருக்கு எட்டாத பொருள். போட்டியின் விதியை அதிகம் நிறைவேற்றுவது நகல்தான் என்று ஒருவர் வாதிட்டால் உடனே மறுக்க முடியாது.

என் கணக்கு இது: சோதனைக்குப் பாதுகாப்பு வேண்டும், 32 வருடம் போராடியவனுக்கு 25 வருடப் பதிவு போதாது. ஆனால் இறந்து 70 ஆண்டு என்பது நாவலுக்கும் பாட்டுக்கும் தைத்த சட்டை. தினமும் உட்காரும் பொருளுக்கு அது தொளதொளவென்று தொங்குகிறது. நடுவில் ஓர் அளவு யாரும் தைக்கவில்லை. உரிமை கையில் இருப்பதால் ஒரு நன்மை நிச்சயம் உண்டு: பொருளை மாற்றும் முயற்சி நிற்பதில்லை. கண்ணாடி இழையிலிருந்து பாலிபுரொப்பிலீனுக்குப் போன ஈம்ஸ் இருக்கையை, 2024இலிருந்து விட்ரா வீட்டுக் குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்து தயாரிக்கிறது. பழைய வடிவத்தில் புதுச் சோதனை.

இன்னும் எத்தனை காலம்?

சார்லஸ் ஈம்ஸ் 1978இல் இறந்தார். ரே 1988இல், அதே ஆகஸ்ட் 21ஆம் தேதி. இருவர் சேர்ந்து படைத்தால் பின்னால் இறந்தவரிலிருந்து எண்ண வேண்டும். எனவே பொதுவான கணக்கில் 2058 முடியும்வரை பாதுகாப்பு. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. வெளிநாட்டவரின் படைப்புக்கு, அது பிறந்த நாட்டில் எத்தனை காலம் பாதுகாப்போ அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒன்றியத்தின் கால அளவுச் சட்டம் தனியாகச் சொல்கிறது. பிறந்த நாட்டில் பாதுகாப்பே இல்லாதபோது அந்தக் காலம் எவ்வளவு? பூஜ்யமா? குவான்டம் வழக்கில் நீதிமன்றத்திடம் கேட்கப்பட்ட கேள்வி அதுவல்ல. அடுத்த நகல் வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுப்பது இதுவாகத்தான் இருக்கும்.

பான்டன் நாற்காலிக்கு இந்த முடிச்சு இல்லை. படைத்தவர் டென்மார்க்காரர், ஒன்றியத்துக்குள் உள்ளவர். பதிப்புரிமைக்கு உரிய படைப்பு என்று ஏற்கப்படும் இடங்களில் அதன் வேலி 2068 டிசம்பர் 31 வரை நிற்கும்.